விசுவேசுவரய்யாவும் நாமும்

(பொறியாளர் தினத்தையொட்டி நம் சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





போன மாதம் நம் செயற்குழுவில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்ததை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். செப்டம்பர் 15 நாடெங்கும் பொறியாளர் தினம். சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் பிறந்த நாள். இரவு வகுப்புப் பிள்ளைகள் அவருடைய படத்தை வகுப்பறையில் மாட்ட வேண்டும் என்று கேட்டார்கள். உடனே ஓர் இளைஞர் எழுந்தார். "காவிரியை மறித்து அணை கட்டியவர் அவர். பிற்பட்ட மக்களுக்கு உத்தியோகத்தில் பங்கு கூடாது என்று பதவியை விட்டுப் போனவரும் அவர்தான். அவர் படம் நம் சுவரில் எதற்கு?" என்று கேட்டார். அதற்கு நம் பெரியவர் ஒருவர், தங்கவயலில் முப்பது ஆண்டுக்கு மேல் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர், "தம்பி, அந்த ஆற்றுத் தண்ணீரில் பிறந்த மின்சாரந்தான் என்னைக் காலையில் கீழே இறக்கியது, மாலையில் மேலே ஏற்றியது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. உண்மை இரண்டு பக்கமும் இருக்கும்போது, கையை உயர்த்தி எண்ணிக்கை எடுத்து முடித்துவிடலாகாது. அந்த மனிதரின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருவோம் என்று குழு தீர்மானித்தது. அந்தப் பொறுப்பை எங்களிடம் கொடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த அளவில் அதை உங்கள் முன் வைக்கிறோம்.

விறகிலிருந்து மின்சாரத்துக்கு

கதை விசுவேசுவரய்யாவுக்கு முன்பே தொடங்குகிறது. நம் கொள்ளுத்தாத்தாக்களோடு தொடங்குகிறது. 1880-க்குப் பிறகு கோலார் தங்கவயலில் ஆங்கிலக் கம்பெனிகள் ஆழமாகச் சுரங்கம் தோண்டத் தொடங்கின. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்துச் சீமையிலிருந்தும் நம் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சொந்த ஊரில் நிலம் இல்லை. சேரியில் மானம் இல்லை. தட்டி வைத்த குடிசையில் குடியிருந்து, பாறையை உடைத்து, பொன்னை மேலே அனுப்பினார்கள்.

சுரங்கம் ஆழமாக ஆக, இயந்திரம் அதிகம் வேண்டியிருந்தது. ஆளை இறக்கி ஏற்ற ஒன்று, ஊற்று நீரை இறைக்க ஒன்று, கீழே காற்றைச் செலுத்த ஒன்று, கல்லை இடித்து மாவாக்க ஒன்று. அத்தனையும் நீராவியில் ஓடின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுவட்டாரத்துக் காடு அடுப்பில் போயிற்று. நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம்.

அப்போது மைசூர் அரசின் திவானாக இருந்தவர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தார். கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர் என்பவர், சிவசமுத்திரத்தில் காவிரி விழும் அருவியைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம், அதைக் கம்பி வழியே தங்கவயலுக்கே அனுப்பலாம் என்று திட்டம் கொடுத்தார். சேஷாத்ரி ஐயர் அதை ஏற்று நிறைவேற்ற முனைந்தார்.

அந்த நாளில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயல் 92 மைல். அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோன கம்பிப் பாதை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கதாய் இருந்தது. கடல் கடந்து வந்த கனமான பொறிகளை ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியிலும் யானையைக் கொண்டும் இழுத்துப் போனார்கள். 1902 ஜூன் 30-ஆம் நாள் தங்கவயலுக்கு மின்சாரம் ஓடிற்று. அதைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை; முந்தின ஆண்டே காலமாகிவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். பெங்களூர் நகரத்துத் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். அதற்கு மூன்று ஆண்டு முன்பே மின்சாரம் தங்கவயலுக்குப் போய்விட்டது. அரண்மனைத் தலைநகருக்கும் பெரிய பட்டணத்துக்கும் முன்னால், நம் மக்கள் பாறை உடைத்த இடத்துக்குத்தான் அது முதலில் வந்தது. ஆனால் அது நமக்காக வரவில்லை, தங்கத்துக்காக வந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை

விசுவேசுவரய்யா பிறந்தது சிக்கபள்ளாபுரத்துக்கு அருகே முத்தேனஹள்ளி என்னும் கிராமம். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. மோட்சகுண்டம் என்பது ஆந்திரத்தில் உள்ள ஓர் ஊர். முன்னோர் அங்கிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். ஆக, அவரும் வேறு சீமையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைதான். அந்தக் குடும்பத்தை இன்று யாரும் வெளியார் என்று சொல்வதில்லை. நம்மைச் சொல்கிறவர்களுக்கு இது ஒரு நினைவூட்டலாக இருக்கட்டும்.

சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பெங்களூரில் ஒரு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருவாயில் சென்ட்ரல் கல்லூரியில் படித்து 1881-இல் பி.ஏ. தேறினார். பிறகு மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. புனாவுக்குப் போய்ப் பொறியியல் படித்தார். 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

இந்த உதவித்தொகையை மறக்காதீர்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

பம்பாய் மாகாணத்தில் அவர் செய்த வேலை பெரும்பாலும் தண்ணீர் வேலை. சிந்துவில் சக்கர் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார். புனாவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் 1903-இல் தாமே வகுத்த தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். அதன் சூட்சுமம் கேட்க எளியது. அணையை உயர்த்திக் கட்டப் பணம் ஆகும். ஆனால் வழிந்தோடும் இடத்தில் கதவு வைத்தால் அணையை உயர்த்தாமலே சில அடி நீரைக் கூடுதலாகத் தேக்கலாம். வெள்ளம் வந்தால் என்ன செய்வது? நள்ளிரவில் காவல்காரன் தூங்கிவிட்டால்? அவருடைய கதவுக்குக் காவல்காரன் வேண்டியதில்லை. நீர் குறித்த மட்டத்துக்கு மேல் ஏறினால் அந்த நீரின் வேகமே கதவைத் திறந்துவிடும். இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். பின்னாளில் குவாலியருக்கு அருகே திக்ரா அணையிலும் கண்ணம்பாடியிலும் இந்த முறை வந்தது.

இவ்வளவு திறமை இருந்தும், மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியருக்குக் கிட்டாத காலம் அது. அந்த நாற்காலி வெள்ளைக்காரருக்கு என்று எழுதாமலே எழுதி வைத்திருந்தார்கள். 1908-இல் ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டு வந்தார். கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்தவன் படும் வேதனை அவருக்கும் தெரிந்திருக்கும்.

அதே 1908 செப்டம்பரில் ஐதராபாத்தில் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போயிற்று. நிசாம் அரசு அவரை அழைத்தது. வெள்ளத்தை மேலே தேக்கி நிறுத்த நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் அந்த யோசனையின் பலன். ஐதராபாத்தில் வேலை பார்க்கும் நம் உறவினர்கள் பல காலம் குடித்த தண்ணீர் அந்த ஏரிகளின் தண்ணீர்.

கோடையில் இளைக்கும் அருவி

1909-இல் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்தது. சும்மா பாலமும் சாலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வரமாட்டேன், தொழிற்கல்விக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இடம் கொடுப்பீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஒப்புக்கொண்டார்.

வந்ததும் அவர் முன் நின்றது சிவசமுத்திரத்தின் பிரச்சினை. அருவியில் மின்சாரம் எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் காவிரி ஆடியில் பொங்குவதுபோல் மாசியில் பொங்குவதில்லை. மழைக்காலத்தில் வேண்டிய தண்ணீருக்குப் பல மடங்கு வீணாய் விழும். கோடையில் பொறியைச் சுழற்றவே போதாது. தங்கவயலோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு மின்சாரம் கேட்கிறது. மேலும் மேலும் கேட்கிறது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பொறி நின்றால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இதற்கு அவர் கண்ட விடை: மேலே, மைசூருக்கு அருகே கண்ணம்பாடியில் பெரிய அணை கட்டி மழைக்கால நீரைத் தேக்கி வைப்பது, கோடையில் அளந்து விடுவது. விடும் நீர் சிவசமுத்திரத்தில் பொறியைச் சுழற்றும். தேக்கிய நீரில் மற்றொரு பங்கு கால்வாய் வழியே மண்டியா வறட்சி நிலங்களுக்குப் போகும். மின்சாரம் விற்ற பணம் அணைக்கான கடனை அடைக்கும். ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை, ஒரே செலவுக்கு இரண்டு வருவாய். பொறியாளரின் மூளையும் நிர்வாகியின் மூளையும் ஒருங்கே சேர்ந்த இடம் இதுதான்.

அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. இவ்வளவு பணத்தை ஆற்றில் கொட்டுவதா என்றார்கள். மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையார் ஒப்புதல் தந்தார். 1911-இல் வேலை தொடங்கிற்று. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தில் கல் அடுக்கி, ஏறத்தாழ 130 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். முழுவதும் முடிய 1931 ஆயிற்று. பாதி வேலைக்குள் விசுவேசுவரய்யா பதவியை விட்டுப் போய்விட்டார். பின்வந்த பொறியாளர்கள் முடித்தார்கள்.

கண்ணம்பாடி கிராமம் தண்ணீருக்குள் போயிற்று. குடியிருந்த மக்கள் வேறு இடம் தேடினார்கள். கல் சுமந்தவர்கள், சாந்து குழைத்தவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள் பெயர் எதுவும் கல்லில் இல்லை. மன்னர் பெயர் அணைக்கு, பொறியாளர் பெயர் கால்வாய்க்கு. நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்டதைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

மேட்டூரும் கண்ணம்பாடியும்

இப்போது நம் இளைஞரின் முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். காவிரியை மறித்தாரா?

கீழே தஞ்சையில் கல்லணைக் காலத்திலிருந்து காவிரி நீரில் பயிர் நடக்கிறது. மேலே புதிதாக அணை கட்டினால் கீழே வரும் நீர் குறையும் என்று சென்னை அரசாங்கம் அஞ்சியது. அந்த அச்சம் நியாயமானது. மேல்கரையில் புதிய நீர்ப்பாசனம் வேண்டுமானால் சென்னையின் சம்மதம் வேண்டும் என்று 1892-இலேயே ஒப்பந்தம் இருந்தது. சென்னைக்கு மேட்டூரில் தன் அணை கட்டும் எண்ணமும் இருந்தது. முதலில் 80 அடி உயரத்துக்குத்தான் மைசூருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் விசுவேசுவரய்யாவின் ஆட்கள் முழு உயரத்துக்கும் ஏற்ற அகலத்தில் அடித்தளம் போட்டார்கள். தம் அரசுக்கு அவர் உண்மையாக உழைத்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. வழக்கு நடுவரிடம் போயிற்று. 1914-இல் நடுவர் கிரிஃபின் மைசூர்ப் பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னார். சென்னை மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மைசூர் கண்ணம்பாடியை முழு உயரத்துக்குக் கட்டலாம். சென்னை மேட்டூரைக் கட்டலாம். கண்ணம்பாடியில் ஏறத்தாழ 45 டி.எம்.சி., மேட்டூரில் அதைவிட இரு மடங்குக்கு மேல், 93.5 டி.எம்.சி. மேட்டூர் 1934-இல் முடிந்தது.

ஆகவே, கண்ணம்பாடி மட்டும் காவிரியைத் தடுத்தது என்று சொல்வது பாதிக் கதை. இரண்டு அணையும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் எழுந்தவை. பிற்காலத்துச் சண்டைக்கு அந்தப் பொறியாளரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் இடைக்கால ஆணை வந்தது. அந்த டிசம்பரில் பெங்களூரில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மில் சிலர் குடிசை எரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள்; சிலர் கைக்குழந்தையோடு ஓசூர் எல்லையைத் தாண்டி ஓடியவர்கள். சிலருக்குக் கன்னடத்து அண்டை வீட்டார் கதவைத் திறந்து இடம் கொடுத்தார்கள். அதையும் மறக்கக்கூடாது. 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று கணக்குப் போட்டார்கள்.

ஆற்று நீரை அடிதடியால் பங்கிட முடியாது. அளந்துதான் பங்கிட முடியும். அளக்கத் தெரிந்தவன் பொறியாளன். நம் நிலையோ இரட்டை நிலை. நம் சொந்தக்காரன் கீழே நாற்றங்காலில் நின்று தண்ணீர் எப்போது வரும் என்று பார்க்கிறான். நாம் இங்கே 1974 முதல் பெங்களூருக்கு வரும் காவிரியைக் குடத்தில் பிடிக்கிறோம். இரண்டு முனையிலும் நம் வீடு இருப்பதால், இந்தச் சண்டை அமைதியாய் முடிய வேண்டும் என்று விரும்ப நம்மைவிடத் தகுதியானவர் யார்?

திவானின் ஆறு ஆண்டுகள்

1912-இல் அவர் திவான் ஆனார். பதவி ஏற்கும் முன் உறவினர்களை அழைத்து, எனக்குச் சொந்தம் என்று சொல்லி யாரும் சலுகை கேட்டு வரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் ஏற்பேன் என்றார் எனச் சொல்வார்கள். அரசாங்க வேலைக்கு ஒரு மெழுகுவத்தி, சொந்த வேலைக்கு வேறு மெழுகுவத்தி என்று ஒரு கதையும் உண்டு. கதை உண்மையோ இட்டுக்கட்டியதோ, அவர் கை சுத்தமான கை என்பதில் எதிரிக்கும் ஐயம் இருந்ததில்லை. இந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய சொத்து என்று ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஆறு ஆண்டில் அவர் தொடங்கியவை பல. 1913-இல் மைசூர் வங்கி. அதே ஆண்டில் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டம். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம். அப்போது இந்தியச் சமஸ்தானங்களில் அப்படி ஒன்று இல்லை. 1917-இல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி. சந்தன எண்ணெய், சந்தன சோப்பு. பத்ராவதி இரும்பாலைக்கு வித்திட்டதும் அவரே. 1923-இல் அது வேலை தொடங்கியபோது பதவியில் இல்லாவிட்டாலும் திரும்ப வந்து அதன் நிர்வாகத்தைத் தூக்கி நிறுத்தினார். தொழில் பெருகாத நாடு பிழைக்காது என்பது அவருடைய மந்திரம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அரசின் வருவாயில் தங்கவயலின் ராயல்டியும் மின்கட்டணமும் கணிசமானவை. அதாவது, நம் தாத்தாக்கள் தோண்டிய பொன்னில் ஒரு பங்கு, பல்கலைக்கழகமாகவும் இரும்பாலையாகவும் எழுந்து நின்றது.

அதே ஆண்டுகளில் தங்கவயலில் வேறொரு வேலையும் நடந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் நம் தொழிலாளர்கள் பண்டிதர் அயோத்திதாசரின் வழியில் பௌத்த சங்கம் அமைத்து, கைக்காசு போட்டுப் படிப்பும் பேச்சும் நடத்தினார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1930-இல் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் திருடர்களா என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. மேலேயிருந்து ஒரு திவான் கல்வியைக் கொண்டுவந்தார். கீழேயிருந்து சுரங்கத் தொழிலாளி தானே கல்வியைத் தேடிக்கொண்டான். இரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1918

இப்போது இரண்டாவது குற்றச்சாட்டு. இதில் நாம் அவரைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் தேவையில்லை.

மைசூர் அரசாங்க உத்தியோகங்களில் பெரும்பாலானவை மக்கள் தொகையில் மிகச் சிறு பங்கான ஒரு சாதியாரிடம் இருந்தன. மற்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சென்னையில் 1916-இல் நீதிக்கட்சி பிறந்த காலம் அது. 1918-இல் மன்னர், தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். எல்லாச் சமூகத்தாருக்கும் உத்தியோகத்தில் போதிய இடம் கிடைக்க என்ன செய்வது என்பதே குழுவின் வேலை. விசுவேசுவரய்யா இதை ஒப்பவில்லை. தகுதி ஒன்றுதான் அளவுகோல். சாதி பார்த்து வேலை கொடுத்தால் நிர்வாகம் தளரும். கல்வியைப் பரப்பினால் எல்லாரும் தாமே மேலே வருவார்கள் என்பது அவர் கருத்து. மன்னரோடு கருத்து வேறுபட்டு, 1918 டிசம்பரில் பதவியிலிருந்து விலகினார்.

குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. ஏழு ஆண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டும் பிற்பட்ட சமூகத்தாருக்குப் போக வேண்டும். ஒடுக்கப்பட்ட வகுப்பாரில் தகுதி உள்ளவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. 1921-இல் அது ஆணையாயிற்று. அதே 1921-இல் சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை வகுப்புவாரி ஆணையை வெளியிட்டது.

அவர் அஞ்சியது நடந்ததா? கண்ணம்பாடி அணை இந்த ஆணைக்குப் பிறகுதான் முடிந்தது, இடிந்து விழவில்லை. பத்ராவதி ஆலை இந்த ஆணைக்குப் பிறகுதான் இரும்பு உருக்கியது. மைசூர் மாதிரி சமஸ்தானம் என்று பெயர் வாங்கியதும் பெரும்பாலும் அதற்குப் பின்தான். தகுதி என்பது ஒரு சாதியின் வீட்டில் மட்டும் விளையும் பயிர் அல்ல என்பதை அந்த அரசின் வரலாறே காட்டிவிட்டது.

இங்கேதான் அந்த உதவித்தொகைக்குத் திரும்பி வருகிறோம். தகப்பனில்லாத ஒரு பையன். வீட்டில் பணம் இல்லை. ஆனால் வீட்டில் எழுத்து இருந்தது. நகரத்தில் அவனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் சொன்ன ஒரு வீடு இருந்தது. அரசு கொடுத்த உதவித்தொகை இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த மூளை நமக்குக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் தங்கவயலில் தகப்பனை இழந்த பையன் எத்தனை பேர்! அவர்களில் எவனையும் பாடம் சொல்ல வா என்று எந்தப் பெரிய வீடும் அழைக்கவில்லை. மூளை இல்லாமல் அல்ல, வாசல் இல்லாமல். பம்பாயில் நிறத்தால் சாத்திய கதவைப் பார்த்து வெளியேறிய மனிதர், மைசூரில் சாதியால் சாத்திய கதவைக் கதவு என்று காணவில்லை. பெரிய மனிதரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் உலகைப் பார்க்கிறார். இந்த விஷயத்தில் பொறியாளர் தவறினார். மன்னர் சரியாகச் செய்தார்.

நாம் செய்ய வேண்டியது

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, உரிகம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் பிள்ளைகளின் கதை உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலரும் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். இட ஒதுக்கீடு அவர்களுக்குப் பழைய வரலாறு அல்ல. அடுத்த மாதத்துக் கல்லூரி விண்ணப்பம்.

அதில் ஒரு முள் இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்ட வகுப்பார், வந்த இடத்து மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும், பிறகு 2018-இலும் சொல்லியிருக்கிறது. ஆனால் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே நிலையாகக் குடியிருந்தவர்களின் வழிவந்தவர்கள் நிலை வேறு. அவர்கள் குடிபெயர்ந்தவர்கள் அல்லர், இந்த மாநிலத்தவர்கள். சாதி இங்கத்திய பட்டியலில் இருந்தால் அவர்கள் கேட்கலாம். கேட்பதற்குச் சான்று வேண்டும்.

தாத்தாவின் சுரங்க வேலைச் சீட்டு, பாட்டியின் பேறுகாலச் சீட்டு, பள்ளிக்கூட மாற்றுச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல், வாடகை ரசீது, கல்லறைக் குறிப்பு எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் செல்லரித்த காகிதம் உங்கள் பேத்தியின் பொறியியல் கல்லூரி இடமாக இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்கத்தில் இதற்கென ஒரு மேசை போடுகிறோம். காகிதங்களைக் கொண்டுவாருங்கள், பார்த்து, பிரதி எடுத்து, மனு எழுதித் தருவோம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் நான்கு பேர் வேண்டும். முதலில் எழுந்து கேள்வி கேட்ட அந்தத் தம்பி முதல் ஆளாகத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

படம் மாட்டுவதா என்ற கேள்விக்கு இப்போது எங்கள் பரிந்துரை. மாட்டலாம். ஆனால் கும்பிடுவதற்கு அல்ல. கோடையில் இளைக்கும் அருவியை ஆண்டு முழுதும் வேலை வாங்கிய கணக்கைப் படிப்பதற்கு. அதன் கீழே பிள்ளைகள் தங்கள் கையால் இரண்டு வரி எழுதி ஒட்டட்டும்: இவர் ஆற்றுக்குக் கதவு வைத்தார், அது தானே திறந்தது, மனிதருக்குக் கதவு வேண்டும் என்றபோது இவர் ஒப்பவில்லை. பக்கத்தில் அயோத்திதாசர் படமும், சுரங்கக் கூண்டில் விளக்குப் பிடித்து நிற்கும் தொழிலாளியின் படம் ஒன்றும் இருக்கட்டும். தொழிலாளியின் படம் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். அது நம் வீட்டுப் படமாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த மாதம் இரவு வகுப்புப் பிள்ளைகளைச் சிவசமுத்திரத்துக்கு அழைத்துப் போக எண்ணியிருக்கிறோம். பெண் பிள்ளைகளையும் தடையின்றி அனுப்புங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர் சொன்ன அந்த மின்சாரம் எந்தத் தண்ணீரில் பிறந்தது என்பதை அவர்கள் நேரில் பார்க்கட்டும். பேருந்துச் செலவுக்கு இயன்றதைக் கதவருகே உள்ள உண்டியலில் போடுங்கள்.